முறை வைத்து ஆண்ட மூன்று மன்னர்களும் ஒரு வாத்தும்

காரைக்கால்,
கல்லறைத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, 1986.

பிரான்சு தேசத்துத் தூலோன் மாநகரில் கொலுவீற்றிருக்கும் மாட்சிமை பொருந்திய அடைக்கலராஜ் அத்தான் அவர்களின் சமூகத்துக்கு, காரைக்கால் கிளையின் பொறுப்பு மன்னனும் தங்கள் மாமன் மகனுமாகிய சிலுவைராஜ், முழங்கால் மண்ணில் படும்படி (பேண்ட் பழையதுதான்) பணிந்து எழுதிக்கொள்வது. சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், தங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பிரெஞ்சு டி.வி.யின் தலைமேல் விரிக்கப்பட்டிருந்த பூப்பின்னல் துணியானது, சென்ற வியாழக்கிழமை தோய்க்கப்பட்டு, நீலம் போடப்பட்டு, கொடியில் உலர்ந்து, அன்று மாலையே சகல மரியாதைகளுடன் மீண்டும் அதே தலையில் விரிக்கப்பட்டது. இந்தச் செய்தியை முதலில் எழுதாவிட்டால் தபால்தலைக்குக் காசு கிடையாது என்று அத்தை, அதாவது உங்கள் அம்மா, சொல்லிவிட்டார்கள். எழுதிவிட்டேன். அத்தை சுகம். அத்தையின் முட்டிவலியும் சுகமாகத்தான் இருக்கிறது, போகிற எண்ணமே அதற்கு இல்லை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தங்கை இருதயமேரி எல்லோரும் நலம். தாங்கள் அங்கே இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவதாகக் கேள்விப்பட்டோம். இங்கே அடைமழை. எங்களிடம் ஸ்வெட்டர் இல்லாததால் நடுங்கவில்லை.

இனி ராஜ்ய விஷயம். ஆகஸ்டில் நீங்கள் பிரான்சுக்குத் திரும்பக் கிளம்பிய அன்று, வாசலில் டாக்சி உறுமிக்கொண்டிருக்க, நீங்கள் அங்கிருந்து கொண்டுவந்த, ராஜ்யம் ஆளும் ஆட்டம் ஓடுகிற கம்ப்யூட்டர் பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, என் தோளில் கை வைத்துச் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. “டேய் சிலுவை, நான் ஆரம்பிச்ச ராஜ்யத்தை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். தனியா ஒருத்தனே உக்காந்து ஆடக்கூடாது. ஆளுக்குக் கொஞ்ச வருஷம் முறை வச்சு ஆளுங்க. கிறிஸ்மஸுக்கு நான் வரும்போது இதே கோட்டை நிக்கணும். நின்னா பெட்டி காரைக்கால்லயே இருக்கும். விழுந்துச்சுன்னா என்னோட மூட்டை கட்டிடுவேன், பாத்துக்க.” அத்தான், பார்த்துக்கொண்டோம். கோட்டையை எங்களிடம் விட்டீர்கள், நாங்கள் கோட்டை விடவில்லை. கோட்டை நிற்கிறது. கொடி பறக்கிறது. பெட்டியின் பெயரை இனி ரேஷன் கார்டிலேயே சேர்த்துவிடலாம். இதெல்லாம் யாரால் என்று கேட்பீர்கள். தற்புகழ்ச்சி எனக்குப் பிடிக்காது. அந்த மாமனிதரின் பெயரில் முன்பாதி சிலுவை, பின்பாதி ராஜ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள் போன மறுநாளே முறை பிரிக்கும் மகாசபையைக் கூட்டினேன். என்னைத் தவிர இரண்டு பேர். ஒருவன் என் வகுப்புத் தோழன் நீலமேகம், நெடுங்காட்டிலிருந்து சைக்கிளில் வருகிறவன், வீட்டில் எல்லோரும் வயலில் இறங்குகிறவர்கள். இன்னொருவன் காஜா மைதீன், கடைத்தெருவில் அவன் வாப்பாவுக்குப் பாத்திரக்கடை. கூட்டம் ஆரம்பித்ததும் சண்டை. யார் முதலில் ஆள்வது? கடைசியில் நீலமேகம்தான் வழி சொன்னான். “எங்க ஊருல வாய்க்கா தண்ணிக்கு முறை வைக்கிறாப்புல வச்சுக்குவோம்டா. மேட்டு வயலு முதல்ல, பள்ளத்து வயலு அடுத்து. அவன் முறையில மடையைத் தொட்டவன் கைய ஒடிப்போம்.” அப்படியே முடிவாயிற்று. ஒருவன் ஆட்சி ஐந்து வருஷம், அதாவது திரையில் ஐந்து அறுவடை. முடிந்ததும் ராஜ்யத்தைப் பாட்டுக் கேசட்டில் சேவ் செய்து, நிலவரத்தை வாயால் சொல்லி, அடுத்தவனிடம் நாற்காலியை விட வேண்டும். ஆள்பவனுக்குப் பின்னால் நிற்கும் முன்னாள் மன்னர்கள் புத்தி சொல்லலாம், கை நீட்டக் கூடாது. (இந்த சேவ் விஷயத்தில் அத்தைக்கு ஒரு சந்தேகம். “மூணு பேருக்கும் சேத்தா ஒரு மீசை தேறாது. தெனம் வந்து சேவ் பண்ணியாச்சா, சேவ் பண்ணியாச்சான்னு என்னடா கேள்வி?” என்றார்கள்.) இருதயமேரியும் சபைக்கு வந்து முறை கேட்டாள். கொடுக்கவில்லை. முறைத்தாள். அழவிடக் கூடாதே என்று அவளுக்கு டி.வி. துணி விலக்கும் இலாகாவையும், கேசட் சிக்கினால் பென்சிலால் சுற்றும் இலாகாவையும் ஒதுக்கினேன். பெரிய பதவிதான், அவளுக்குத்தான் அருமை தெரியவில்லை.

மேட்டு வயல் என்ற முறையில் நீலமேகம் முதலில் அமர்ந்தான். பெட்டி, விதைக்க எவ்வளவு கோதுமை என்று கேட்கும், கோட்டைக்கு எவ்வளவு கல் என்று கேட்கும், படைக்கு எத்தனை சொல்தா வேண்டும் என்று கேட்கும், உங்களுக்குத் தெரியும். (நம் தெரு ஒரே ஒரு சொல்தாவை வைத்துக்கொண்டு படும் பாட்டில், பெட்டி இருநூறு வேண்டுமா என்று கேட்டதும் எங்களுக்குப் பகீரென்றது.) இவன் கோதுமை என்ற கேள்வியைத் தவிர வேறு எதற்கும் பதிலே சொல்லவில்லை. “கோதுமையாவது ஒண்ணாவது, நான் நெல்லுன்னு நெனச்சுத்தான் வெதைக்கிறேன்” என்று கண்ட இடமெல்லாம் விதைத்தான். மேய்ச்சல் நிலத்தில் விதைத்தான். கோட்டை வாசலில் இடம் காலியாக இருக்கிறதே என்று அங்கேயும் விதைத்தான். “படை வேணாமாடா?” என்று காஜா கேட்டதற்கு, “படை வந்தா களிம்பு தடவிக்கலாம்” என்றான். ஐந்தாம் வருஷம் களஞ்சியம் நிரம்பி, வாசலில் காவலுக்கு நின்றது இரண்டே பேர், அதிலும் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

அடுத்து காஜா. அவன் உட்கார்ந்ததும் களஞ்சியத்தைப் பார்த்தான், சந்தை விலையைப் பார்த்தான், கையைத் தேய்த்துக்கொண்டான். “சரக்கை உள்ளே பூட்டி வச்சு முட்டை போடவாடா போவுது? எங்க வாப்பா பாத்தா என்னைக் கடையை விட்டே தொரத்தும்” என்று விற்க ஆரம்பித்தான். விற்றான், விற்றான், விதைக்கு வைத்திருந்ததையும் விற்றான். பின்னால் நின்ற நீலமேகம் தலையில் அடித்துக்கொண்டு, “வெதையை விக்கிறவன் உருப்படுவானாடா, எடுடா கைய!” என்று பாய, சட்டப்படி கை நீட்டக் கூடாது என்று நான் தடுக்க, மூவரும் புரண்டதில் ஒயர் பிடுங்கிக்கொண்டு திரை இருண்டது. காஜாவின் இரண்டு வருஷ ஆட்சி சரித்திரத்திலிருந்தே மறைந்தது. அந்த இரண்டு வருஷம் எங்கே போனது என்று அவன் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். எங்கே என்று சொல்ல, நான் என்ன தபால் ஆபீஸா?

பிறகுதான் அடியேனின் பொற்காலம். முதலாம் சிலுவைராஜ் அரியணை ஏறிய கையோடு கோட்டைக்கு இரண்டாம் சுற்று மதில் எழுப்பினான், அகழி வெட்டினான், ஒரு மாதாகோயிலுக்கு அடிக்கல் நாட்டினான். அவன் ஆட்சியின் மூன்றாம் அறுவடையில்தான் திரையின் ஓரத்தில் ஒரு குதிரைக்காரன் வந்து நின்றான். நீங்கள் ஆண்ட காலத்தில் இவன் வந்ததே இல்லை, ஆகவே நீங்கள் எங்களுக்கு இவனைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. கீழே எழுத்து ஓடியது: LE DUC DEMANDE LA PAIX. O/N? எங்களுக்கு ஓ என்றால் ஆமாம், என் என்றால் இல்லை என்பது தெரியும், அது நீங்கள் சொல்லிக் கொடுத்தது. DUC என்பதை எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் டக் என்று வந்தது. டக் என்றால் வாத்து. ஆக, பக்கத்து ராஜ்யத்து வாத்து எதையோ கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறது. எதை? அதற்குத்தான் எதிர்வீட்டு சவரிநாதன் மாமாவை அழைத்து வந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் கிடந்து திரும்பிய சொல்தா, பிரெஞ்சு வழக்குக்கெல்லாம் நம் தெருவின் ஐகோர்ட்.

மாமா கண்ணாடியைப் பனியனில் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு மூக்கு படும் தூரத்தில் குனிந்து படித்தார்.

“டியூக்கு பே கேக்குறான்டா.”

“பேயா?” என்றேன்.

“பே, பே. ஆமான்னா ஓ-வை அமுக்கு, இல்லேன்னா என்-னை அமுக்கு.”

காஜா முன்னால் வந்தான். “எவ்வளவு மாமா கேக்குறான்?”

“எவ்வளவுன்னா? பேன்னா பேதான். அதுல என்னடா அளவு?”

“முழுசாவா?”

“பின்ன, பாதி பே எவனாச்சும் கேப்பானா?”

“நமக்கும் அவனுக்கும் கொடுக்கல் வாங்கலே இல்லையே மாமா!” என்றான் நீலமேகம்.

“அதுக்குத்தான்டா கேக்குறான். குடுத்துடுங்க. பே நல்லதுடா பசங்களா. அல்ஜீரியாவுல பே இல்லாம நாங்க பட்ட பாடு எனக்குல்ல தெரியும்!”

பே என்றால் இங்கிலீஷில் சம்பளம், கூலி என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இத்தனை நாள் எதிர்வீட்டிலேயே இருந்தும் இந்தக் கொடுமை தெரியாமல் போயிற்றே.

“கடைசி வரைக்கும் வரவே இல்லையா மாமா?” என்றேன் மெதுவாக.

“நான் கப்பலேறுற வரைக்கும் பே வரலேடா.” மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“இப்ப பென்ஷனாச்சும் ஒழுங்கா வருதா?” என்றான் காஜா.

“அது வருது” என்று மாமா எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கடப்பாக் கல் அலமாரியில் வைத்திருந்த மூக்குப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் மந்திராலோசனை. பிரெஞ்சுக்காரன் தன் பட்டாளத்து ஆளுக்கே பே கொடுக்காதவன், நாம் மட்டும் வாத்துக்குக் கொடுப்பதா? “எங்கப்பா நெலத்துக்காரருக்கே குத்தகையைப் பேசிக் கொறைச்சுத்தான் அளப்பாரு. சும்மா கெடக்குற வாத்துக்கு நான் ஏன்டா அளக்கணும்?” என்றான் நீலமேகம். “ஒரு தடவை குடுத்தா வருஷா வருஷம் வந்து நிப்பான், கடைத்தெருவுல பாக்கலையா?” என்றான் காஜா. மூன்று பேரும் சேர்ந்து, ஒரே மனதாக, ஒரே விரலால் என்-னை அமுக்கினோம். குதிரைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனான். கைதட்டினோம். அடுத்த வருஷம் தெற்கு வயல் எரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் வாத்து ஆள் அனுப்பும், யார் முறையாக இருந்தாலும் என்-னை அமுக்குவோம், ஒரு வயல் எரியும். நீலமேகம் விதைத்த இடமெல்லாம் கரி. “பே கேட்டு கெடைக்காத கோவம்டா, எரிக்கிறான் பாரு கொலைகாரப்பாவி” என்று அவன் கண்ணீர் விட்டான். காஜா விற்கச் சரக்கில்லாமல் ஆட்சிக் காலம் முழுக்கச் சந்தை விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு இறங்கினான். மதில் இரண்டாம் சுற்று போய், முதல் சுற்றும் பல் விழுந்த வாயாக நின்றது. அப்போதும் நாங்கள் மானத்தை விடவில்லை. பேரரசு போனாலும் பே தரமாட்டோம் என்று நானே ஒரு வசனம் எழுதி டி.வி. பக்கத்தில் ஒட்டினேன். அத்தை அதைக் கிழித்துத் தயிர்ச்சட்டிக்கு மூடி ஆக்கினார்கள்.

இதற்கு நடுவில் அக்டோபர், ஜெபமாலை மாதம் வந்தது. ராஜ்யக் கேசட்டின் மேல் யாரும் பாட்டுப் பதிந்துவிடக் கூடாதே என்ற ராஜதந்திரத்தில் நான் அதன் மேல் ‘மாதா பாடல்கள்’ என்று எழுதி வைத்திருந்தேன். நம் தெருமுனையில் மாதா சுரூபம் நிற்கும் கெபியில் மைக் கட்டிய பையன்கள் பாட்டுக் கேசட் கேட்டு வீட்டுக்கு வர, அத்தை முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறவர்களா, அட்டையைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் முழந்தாளில் இருக்க, குழாயில் இருந்து “கீஈஈஈங், கர்ர்ர்ர், டிக்டிக்டிக், கீஈஈ” என்று உங்கள் ராஜ்யம் முழுவதும், வயல், கோட்டை, சொல்தாக்கள் உட்பட, தெருவெங்கும் ஒலித்தது. “மாதாவே, பேய் ஓடுதா, பேய் வருதா?” என்று ஒரு குரல். பாதிப் பேர் சிலுவை போட்டார்கள், மீதிப் பேர் “எங்கடா அந்தச் சிலுவை?” என்று என்னைத் தேடினார்கள். நான் அப்போது மிகுந்த பக்தியுடன் கெபிக்குப் பின்புறம் இருந்தேன். கேசட்டை மீட்டுக் கொண்டுவந்தது இருதயமேரி. அது அவள் இலாகா.

ஆக, ராஜ்யம் கந்தல், களஞ்சியத்தில் எலி, வாத்து வாசலில். கிறிஸ்மஸ் நெருங்குகிறது. பெட்டி மூட்டை கட்டப்படும் காட்சி என் கண்முன் வந்து வந்து போனது. வேறு எவனாவது என்றால் மனம் தளர்ந்திருப்பான். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் கல்லறைத் தோட்டம் போனோம். சுண்ணாம்பு அடித்தோம், செவ்வந்தி வைத்தோம், மெழுகுதிரி ஏற்றினோம். உங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் கல்லில், இத்தனை வருஷம் நாம் பாசியோடு சேர்த்து முத்தமிட்டுவிட்டு வரும் அந்தக் கல்லில், என் கழுகுப் பார்வை விழுந்தது. REPOSE EN PAIX. அத்தான், தாத்தா கல்லிலும் பே! அதற்குக் கீழே தமிழில், ‘சமாதானத்தில் இளைப்பாறுவாராக.’ மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன். ஒப்பிட்டேன். ஆராய்ந்தேன். பே என்பது வரி அல்ல என்பதை ஒரு வரி சொல்லிவிட்டது. வாத்து எங்களிடம் பணம் கேட்கவில்லை, சமாதானம் கேட்டிருக்கிறது! வந்த நாள் முதல் ஒவ்வொரு அறுவடைக்கும் குதிரை ஓட்டி வந்து, சண்டை வேண்டாமய்யா, சமாதானமாகப் போவோமய்யா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் ஒவ்வொரு தடவையும் ‘மாட்டோம்’ என்று சொல்லிக் கைதட்டியிருக்கிறோம். சவரிநாதன் மாமாவும் பாவம் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார். அல்ஜீரியாவில் அவருக்குச் சம்பளம் எல்லாம் சரியாகவே வந்திருக்கிறது.

பிறகென்ன? வீட்டுக்குப் பறந்தேன். துணியை விலக்கினேன். குதிரைக்காரன் வந்தான். ஓ-வை அமுக்கினேன். திரை முழுக்க மணி அடித்தது, கொடிகள் ஏறின, வாத்தின் கொடியும் நம் கொடியும் பக்கத்தில் பக்கத்தில். இப்போது வயல் எரிவதில்லை. மதில் வளர்கிறது. மாதாகோயிலுக்குக் கோபுரம் வந்துவிட்டது. வாத்து ராஜ்யத்தோடு நமக்குக் கோதுமை வியாபாரம் நடக்கிறது. இப்படியாக, தாங்கள் விட்டுப்போன ராஜ்யத்தை, தன்னந்தனியாக, தன் கூர்மதி ஒன்றையே துணையாகக் கொண்டு காத்து நிற்பவன் உங்கள் மாமன் மகன். நிபந்தனைப்படி பெட்டி இனி காரைக்காலில்தான் என்பதை ஒரு வரியில் (வரி கட்டும் வரி அல்ல) எழுதி உறுதிப்படுத்தவும்.

அத்தை உங்களுக்குத் தினம் ஒரு ஜெபமாலை சொல்வதாகச் சொல்லச் சொன்னார்கள். சாப்பாட்டில் நேரம் தவறாமல் இருக்கவும், குளிருக்குத் தலையை மூடவும், சம்பளப் பணத்தில் இன்னொரு பெட்டி வாங்கிவிடாமல் இருக்கவும் ஆண்டவர் உங்களுக்குப் புத்தி தருவாராக. நீலமேகம், காஜா இருவரின் வணக்கமும் சலாமும். சவரிநாதன் மாமா, வரும்போது அவருக்கு மூக்குப்பொடி வாங்கி வரச் சொன்னார், அங்கே மூக்குப்பொடி கிடைக்குமா என்று தெரியாது, கிடைக்காவிட்டால் நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

தங்கள் அன்புள்ள,
முதலாம் சிலுவைராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது இருதயமேரி வந்து, “என்னண்ணே எழுதியிருக்க, படிச்சுக் காட்டு” என்றாள். கொஞ்சம் படித்துக் காட்டினேன். “கழுகுப் பார்வை” வந்த இடம் வரைக்கும்தான் கேட்டாள். சும்மா எழுந்து போய், டி.வி. துணியின் மூலையை இழுத்துச் சரி செய்தாள். சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டு இப்படியே ஒட்டியிருப்பேன். இப்போது உறையைத் திறந்து எழுதுகிறேன்.

அத்தான், உங்கள் ராஜ்யம் விழுந்துவிட்டது. இப்போது அல்ல, அக்டோபரிலேயே, கெபி விவகாரம் கழிந்த கையோடு. விழுந்தது என் முறையில். களஞ்சியம் காலி என்று நீலமேகம் எச்சரித்தும், வாத்துக்கு ஒரு பாடம் புகட்டுகிறேன் என்று இருந்த சொல்தாக்களையெல்லாம் கூட்டிக்கொண்டு நானே படையெடுத்துப் போனேன். திரும்பி வரும்போது கோட்டை இல்லை. கேசட்டில் இருந்ததைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தோம், திரும்பத் திரும்ப விழுந்தது. வெளியே சொல்லக் கூடாது என்று மூவரும் சத்தியம் செய்துகொண்டு கடற்கரைக்குப் பந்தாடப் போய்விட்டோம்.

நாங்கள் பந்தாடிய நேரத்தில் இருதயமேரி அத்தையிடம் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முதல் விதையிலிருந்து புதிதாக ஒரு ராஜ்யம் ஆரம்பித்திருக்கிறாள். முறை கொடுக்க யாரும் இல்லாததால் அவளுக்கு முழு முறையும் கிடைத்திருக்கிறது. அவளும் எங்கள் பேச்சை நம்பி என்-னையே அமுக்கி, பாதி வயலை எரியவிட்டிருக்கிறாள். கல்லறைத் தோட்டத்தில் நடந்ததும் வேறு. நான் தாத்தா கல்லைப் பார்த்ததும், “பாருங்க அத்தே, செத்தவரைக்கூட விடாம பே கேட்டிருக்கானுங்க!” என்று தோட்டமே திரும்பும்படி கத்தினேன். “மெதுவாடா, தூங்குறவங்க எடம்” என்று அத்தை என் தலையில் ஒன்று வைத்தார்கள். இருதயமேரிதான் தேங்காய் நாரால் கீழே பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், தமிழ் எழுத்து தெரிந்ததும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்தாள். “அண்ணே, சண்டை வேணாம்னுல்ல கேட்டிருக்கான்” என்றாள். வீட்டுக்குப் பறந்ததும் அவள். ஓ-வை அமுக்கியதும் அவள். கோபுரம், மதில், கோதுமை வியாபாரம் எல்லாம் அவளுடையது. நான் பக்கத்தில் நின்று புத்தி சொன்னேன். அவள் கேட்கவில்லை. அதனால்தான் நிற்கிறது.

ராஜா பெயர் கேட்ட இடத்தில் அவள் உங்கள் பெயரை அடித்து வைத்திருக்கிறாள், நீங்கள் விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக. ஏன் உன் பெயரைப் போடவில்லை என்றேன். “அத்தான் ராஜ்யத்தைத்தானே காப்பாத்தச் சொல்லிட்டுப் போனாரு” என்றாள்.

நீங்கள் சொன்னது ‘இதே கோட்டை நிக்கணும்’ என்று. இது அதே கோட்டை இல்லை. சொன்ன சொல்படி பெட்டியை மூட்டை கட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன், கயிறு கூடப் பிடிக்கிறேன். ஆனால் அதை இருதயமேரியிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

சிலுவை